துப்பாக்கி கேம் ஆடற பையன் தங்கச்சியைத் தள்ளிவிட்டான். கேம்தான் காரணமா?

அல்சூர் அம்மா:

பெங்களூர்ல அல்சூர், சோமேஸ்வரர் கோயில் பக்கம் இருக்கோம். பெரியவனுக்குப் பதினஞ்சு வயசு, பத்தாவது. சின்னவ ஆறாவது. வீட்டுக்காரர் பீண்யாவுல மெஷின் ஷாப், ஷிஃப்ட் வேலை. நான் கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல ஒரு துணிக்கடையில கணக்கு எழுதறேன். வீடு வந்து சேர எட்டரை ஆயிடும்.

பையன் போன்ல பிஜிஎம்ஐன்னு ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடறான். போன வாரம் ஒருநாள் ராத்திரி, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரலைன்னு வைஃபையை ஆஃப் பண்ணிட்டேன். ஹெட்போனைக் கழட்டி சுவத்துல அடிச்சான். சின்னவ சிரிச்சா. அவளைப் பிடிச்சு ஒரே தள்ளு. கட்டில் கால் இடிச்சு நெத்தி புடைச்சுப் போச்சு. சின்ன வயசுல ரெண்டும் அடிச்சுக்கும்தான், ஆனா அன்னிக்கு இருந்த முகத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

மாமியார் வாணியம்பாடியிலேருந்து போன் பண்ணினா ஒரே பாட்டு: “நாளெல்லாம் ஆளைச் சுட்டுத் தள்ளறவன் வீட்ல மட்டும் சும்மா இருப்பானா?” ஸ்கூல் பேரண்ட்ஸ் வாட்ஸாப் குரூப்ல, கேம் ஆட விடலைன்னு அம்மாவையே சுட்டுட்டான்னு 2022-ல வந்த லக்னோ செய்தியை யாராவது திரும்பத் திரும்பப் போடறாங்க. அதைப் படிச்சா வயித்தைக் கலக்குது. எதிர்வீட்டுக் கன்னடக்காரங்க பையனும் இதே கேம்தான் ஆடறான், அவன் வாயைத் திறந்து பேசறதே அபூர்வம்.

சுடற கேம் பசங்க குணத்தை மாத்துமா? போனைப் பிடுங்கிடலாமா? ஞாயித்துக்கிழமை கொழுந்தனார் வீட்டுக்குப் போனா அங்க கம்ப்யூட்டர்ல ஜிடிஏன்னு இன்னொரு அடிதடி கேம் வேற. அதையும் நிறுத்தணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஜாலஹள்ளி ஓய்வூதியர்:

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது அம்மா? போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு வாரம் குதிப்பான், பிறகு புத்தகத்தை எடுப்பான். நாங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கபடி ஆடி வளர்ந்தோம், யாரையும் அடித்ததில்லை. 2019-ல் ராஜ்கோட் போலீஸ் பப்ஜி ஆடிய பையன்களைக் கைதே செய்தது. இங்கேயும் அப்படிச் செய்தால் தானாக அடங்கும்.

காக்ஸ் டவுன் கடைக்காரன்:

கபடியில் யாரையும் அடிக்காத ஆளை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் சார். ராஜ்கோட்டில் பிடித்தது கமிஷனர் உத்தரவை மீறியதற்காக, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 188-வது பிரிவில். ஜாமீன் கிடைக்கும் பிரிவு. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் ஆடவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

நான் இப்போது மொபைல் கடை வைத்திருக்கிறேன். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தபோது கடைக்கு வந்த பையன்கள் கேட்டது ஏபிகே ஃபைல், அதாவது ஆப் ஸ்டோர் இல்லாமலே கேமை போனில் ஏற்றும் ஃபைல். அது கிடைக்காதவன் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு சுடும் கேமுக்குப் போனான். 2021-ல் அதே பப்ஜி பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது. ரத்தத்தைப் பச்சையாக்கினார்கள், ‘கில்’ என்று வந்த இடத்தில் ‘ஃபினிஷ்’ என்று போட்டார்கள். 2022-ல் முதலில் ஃப்ரீ ஃபயரும், ஜூலையில் பிஜிஎம்ஐயும் தடையாகிப் போயின. 2023 மே மாதம் பிஜிஎம்ஐ திரும்பி வந்தது. இவ்வளவு போக்குவரத்திலும் எந்த வீட்டிலாவது அண்ணன் தங்கை சண்டை குறைந்தது என்று எந்த அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை. பச்சை ரத்தம் பார்த்துப் பையன் சாதுவானான் என்றும் சொன்னதில்லை.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2003 வாக்கில் இதே ஏரியாவில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வீட்டுக்கு வீடு நெட் வந்து மெயில் பார்க்க வருகிற கூட்டம் குறைந்ததும், சிஸ்டங்களை ஒன்றோடொன்று கேபிளில் இணைத்து கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் கேமை ஏற்றினேன். சனிக்கிழமை மதியம் ஷட்டருக்கு வெளியே செருப்பு வைக்க இடம் இருக்காது. கான்வென்ட் பையன்களும் டேனரி ரோடு மெக்கானிக் ஷெட் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டஸ்ட்-2 மேப்பில் ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். பல வருஷம் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

கடையில் கைகலப்பு வந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எதற்கு வந்தது என்பதுதான் விஷயம். தோற்ற டீம் ஜெயித்த டீமுக்கும் சேர்த்து மணிக்காசு கட்ட வேண்டும் என்று பந்தயம், அதைக் கட்டாமல் நழுவியவனுக்கு அடி. பக்கத்து ஸ்கிரீனை எட்டிப் பார்த்து ஆடியவனுக்கு அடி. அம்மாவை இழுத்துத் திட்டியவனுக்கு அடி. தலையில் சுட்டதற்காக எவனும் எவன் சட்டையையும் பிடித்ததில்லை, “செம ஷாட் மச்சா” என்றுதான் சொல்வான். நான் பார்த்ததிலேயே மோசமான சண்டை ஃபிஃபாவில் வந்தது. கால்பந்து! கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கியவன் கீபோர்டை முட்டியில் வைத்து இரண்டாக உடைத்தான். அந்த ஆட்டத்தில் துப்பாக்கி எங்கே இருக்கிறது?

இன்னொன்று. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவை வைத்து இந்த ஊரில் தமிழர்களை அடித்தார்களே, அப்போது நான் ஸ்ரீராமபுரத்தில் பள்ளிக்கூடப் பையன். கல்லோடும் கட்டையோடும் தெருவில் ஓடியவர்களில் பதினாறு பதினேழு வயதுப் பையன்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த கேம் சொல்லிக்கொடுத்தது?

தங்கச்சியைத் தள்ளியது தள்ளியதுதான். அதற்கு மன்னிப்புக் கேட்க வையுங்கள், என்ன தண்டனை கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். ஆனால் “எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கேமால வந்தது” என்று அவன் காதுபட மட்டும் சொல்லாதீர்கள். பழியை கேம் மேல் போட்டால் பையனுக்குத்தான் வசதி. அடுத்த முறை தள்ளும்போது அவனே அந்தச் சாக்கைச் சொல்வான்.

சில கேள்விகள்: அன்றைக்கு மணி எத்தனை? முந்தின நாள் எத்தனை மணிக்குத் தூங்கினான்? தனியாக ஆடினானா, கூட யார் யார்? அந்த கேமில் பணம் கட்டியிருக்கிறானா?

ஜெயநகர் புள்ளியியல் டீச்சர்:

உங்கள் மாமியார் சொன்னதை உளவியலாளர்களும் ரொம்ப காலம் நம்பினார்கள். 1961-ல் ஆல்பர்ட் பண்டூரா, காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் அடிப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார், குழந்தைகளும் போய் அதே மாதிரி அடித்தன. 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் சுட்ட மாணவர்கள் டூம் என்ற சுடும் கேம் ஆடியவர்கள் என்று தெரிந்ததும் பேச்சு முழுக்க கேம் பக்கம் திரும்பியது. கிரெய்க் ஆண்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் தொடர்பு உண்டு என்றே எழுதி வந்திருக்கிறார்கள்.

சிக்கல், எதை அளந்தார்கள் என்பதில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஆளை அடிக்க விட முடியாது. அதனால் ஆடி முடித்தவரிடம், முன்பின் தெரியாத ஒருவர் காதில் எவ்வளவு சத்தம் போடுவாய், அவர் சாப்பிட எவ்வளவு காரச் சாஸ் ஊற்றுவாய் என்று கேட்பார்கள். நிறைய ஊற்றினால் ஆக்ரோஷம் அதிகம் என்று கணக்கு. நான் இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

ஆனால் கடைக்காரர் சொன்ன கீபோர்டு கதையை இந்தச் சாஸை வைத்தே சோதித்திருக்கிறார்கள். கனடாவில் அடாச்சி, வில்லோபி என்ற இருவர், 2011-ல். மோர்ட்டல் காம்பட் வகைச் சண்டை கேமும் ஃபியூயல் என்ற கார் ரேஸும் போட்டி மிகுந்தவை, இரண்டில் எதை ஆடியவர்களும் நிறைய ஊற்றினார்கள். லெஃப்ட் 4 டெட் 2-ல் ஜாம்பிகளைச் சுட்டு ஸ்கிரீனே ரத்தக்களரியாகும், ஆனால் போட்டி குறைவு. அதை ஆடியவர்கள் அவ்வளவு ஊற்றவில்லை. ரத்தத்தைவிடத் தோல்விதான் ஆளைச் சூடேற்றியிருக்கிறது.

2019-ல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வில் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேர். பிள்ளையின் நடத்தையைப் பெற்றோர் தரப்பிடம் கேட்டார்கள். எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆரம்பித்தார்கள், முடிவு பார்த்துவிட்டுக் கணக்கை வளைக்க வழியில்லை. வன்முறை கேமுக்கும் ஆக்ரோஷத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: 2018-ல் 24 ஆய்வுகளை, 17,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில் காலப்போக்கில் அடிதடி கொஞ்சம் கூடுவது தெரிந்தது. ‘கொஞ்சம்’ என்றால் 0.1 பக்கம் (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). புள்ளியியல் தெரிந்தவர்கள் அதற்காக வீட்டைப் புரட்டிப்போட மாட்டார்கள், அதே சமயம் பூஜ்யம் என்றும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னது உங்களுக்கு நேராகவே பொருந்தும். கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, கொடிய வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுத் தள்ளு, லக்னோ செய்தி இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அந்தச் செய்தி வந்தது 2022 ஜூனில். அடுத்த மாதமே இந்தியாவில் பிஜிஎம்ஐ பயனர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. பத்துக் கோடி பேரில் ஒருவரை வைத்து உங்கள் பையனை எடை போட முடியாது.

கே.ஆர்.புரம் பியூசி:

ஆன்ட்டி, நான் செகண்ட் பியூசி, அதான் பன்னிரண்டாவது. ஒண்ணு மட்டும் கேளுங்க, மேட்ச் நடுவுல வைஃபையை ஆஃப் பண்ணாதீங்க ப்ளீஸ். கிளாசிக் மேட்ச்ல நூறு பேரு இறங்குவாங்க, பாஸ் பண்ணி வெச்சுட்டு சாப்பிடப் போக முடியாது. கடைசி வரைக்கும் போனா அரை மணி நேரம் ஆகும். ஸ்க்வாட்ல நாலு பேரு, ஒருத்தன் திடீர்னு காணாம போனா மத்த மூணு பேரும் செத்தாங்க, ரேங்க் மைனஸ். அப்புறம் மறுநாள் ஸ்கூல்ல “நூப்பு”ன்னு, ஆடத் தெரியாதவன்னு, ஓட்டுவாங்க. இதுக்காகத் தங்கச்சியைத் தள்ளினது சரின்னு சொல்லலை. கடுப்பு எங்கேருந்து வருதுன்னு சொல்றேன்.

ரெண்டாவது, வாய்ஸ் சாட். கேமே யாரையாவது சேர்த்துவிடற ரேண்டம் ஸ்க்வாட்ல இருபத்தஞ்சு வயசு ஆளுங்கல்லாம் வருவாங்க. அடிபட்டு விழுந்தவனை எழுப்பி விடற ஒரு ரிவைவ் மிஸ் ஆனா ஹிந்தியில அம்மா அக்கானு ஆரம்பிச்சிடுவாங்க. ஹெட்போன்ல அது அவன் காதுக்குள்ள ஓடிட்டிருக்கும், வெளியே நீங்க கூப்பிடறதுதான் உங்களுக்குத் தெரியும். எனக்கு கோவம் வந்ததெல்லாம் அந்தக் குரலாலதான். தெரிஞ்ச ஃப்ரெண்ட்ஸோட மட்டும் ஆடச் சொல்லுங்க, மத்தவங்களை மியூட் பண்ணச் சொல்லுங்க.

பதினெட்டுக்குக் கீழ இருந்தா ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான்னு கேம்லயே லிமிட் வெச்சாங்க. பாதிப் பேரு அப்பா பிறந்த தேதியைத்தான் போட்டிருப்பாங்க. அதையும் செக் பண்ணுங்க.

அல்சூர் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. தம்பி சொன்னது நிஜம், அவரோட பிறந்த வருஷம்தான் போட்டிருக்கான். எங்க அவருக்கு நாப்பத்தாறு வயசுல பிஜிஎம்ஐ அக்கவுண்ட் இருக்குன்னு அவருக்கே தெரியாது.

கடைக்காரர் அண்ணா கேட்டதுக்கு: அன்னிக்கு மணி பத்து இருக்கும். உட்கார வெச்சு நிதானமா கேட்டதுல, நாங்க தூங்கினப்புறம் ரெண்டு மணி வரைக்கும் ஆடறது தெரிஞ்சது. காலைல ஆறரைக்கு டியூஷன். பணம் கட்டலை, கார்டெல்லாம் பார்த்துட்டேன். கூட ஆடறதுல ரெண்டு பேரு கிளாஸ் பசங்க, ஒருத்தன் யாருன்னே இவனுக்குத் தெரியலை, இந்தூரோ என்னவோ சொல்றான். இவனை என்னென்ன திட்டினான்னு கேட்டேன். சொல்லலை, முகம் சிவந்துடுச்சு. அந்த ஆளை அன்-ஃப்ரெண்ட் பண்ண வெச்சேன். சின்னவகிட்ட ஸாரி கேட்டான், அவ இன்னும் முறைச்சுட்டுதான் திரியறா. போன் இனிமே ராத்திரி பத்தரைக்கு எங்க ரூம்ல சார்ஜ் ஆகும்.

ஜிடிஏ பத்தி யாரும் சொல்லலையே? இவ்வளவும் பண்ணி சரியாகலைன்னா யாரைப் பார்க்கறது?

ஜெயநகர் புள்ளியியல் டீச்சர்:

ஜிடிஏ 5 ஐரோப்பிய வயது முத்திரையில் 18 வயதுக்கு மேல், அமெரிக்காவில் 17-க்கு மேல். தினமும் இரண்டு மாதம் அதை ஆட வைத்துப் பார்த்த ஒரு ஜெர்மன் ஆய்வில் ஆக்ரோஷம் கூடவில்லை, ஆனால் ஆடியவர்கள் பெரியவர்கள். பதினைந்து வயதுக்கு நான் வேண்டாம் என்பேன். ஆளைக் கொல்லக் கற்றுக்கொள்வான் என்பதற்காக இல்லை. அதில் சித்திரவதைக் காட்சி இருக்கிறது, ஸ்ட்ரிப் கிளப் இருக்கிறது. அந்த வயதில் அப்படி ஒரு சினிமாவுக்கு அழைத்துப் போவீர்களா?

பார்க்க வேண்டியிருந்தால் நம் ஊரிலேயே நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் இருக்கிறது. முதலில் போனில் பேசுவதென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். உலக சுகாதார நிறுவனம் கேமிங் டிஸார்டர் என்று சொல்வதற்குப் படிப்பு, சாப்பாடு, உறவு எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாத நிலை, பொதுவாக ஒரு வருஷமாவது நீடிக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் எனக்குத் தெரிவது தூக்கமில்லாத பையன்.

ஜாலஹள்ளி ஓய்வூதியர்:

பத்தரை மணியே அதிகம். ஒன்பது.

அல்சூர் அம்மா:

ஒன்பதுக்குத்தான் சார் எங்க வீட்ல அடுப்பே பத்த வைக்கறேன். தம்பி, அரை மணி நேரம் இழுக்காம சீக்கிரம் முடியற மாதிரி அதுல ஏதாவது இருக்கா?

கே.ஆர்.புரம் பியூசி:

அதே கேம்ல டிடிஎம், அதாவது டீம் டெத்மேட்ச், ஆடச் சொல்லுங்க ஆன்ட்டி. நாலுக்கு நாலு, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். சுடறது இதுலதான் ரொம்ப ஜாஸ்தி, ஆனா செத்தாலும் உடனே திரும்ப வந்துடலாம், ரேங்க் டென்ஷன் அவ்வளவு இல்லை. எக்ஸாம் டைம்ல நானும் அதான் ஆடறேன். தோசைக்கல் போடறப்போவே சொல்லிடுங்க, “இது லாஸ்ட் மேட்ச்”னு.