சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வீட்டுத்தோட்டம்: மேடை உயரம் எவ்வளவு?

மண்வெட்டி:
வீடு வீடாகப் போய்த் தோட்டம் போட்டுத் தருகிறோம். சக்கர நாற்காலி வாடிக்கையாளர் ஒருவர் கீரை, தக்காளி, கத்தரி எல்லாம் தானே பராமரிக்கும்படி கேட்கிறார். வாசலில் 15 செ.மீ. படி, பாதை முழுக்க ஜல்லி. எப்படிச் செய்யலாம்?

பசுங்கொடி:
முழங்கால் உள்ளே போகும் மேசை என்றால் அடியில் 70 செ.மீ. இடைவெளி வேண்டும். அதன்மேல் 25 செ.மீ. மண் போட்டால் விளிம்பு 95-க்குப் போய்விடும்; தோள்வலிதான் மிச்சம். 15 செ.மீ. ஆழத் தட்டு போதும். கீரை, வெந்தயம், கொத்தமல்லி நன்றாக வரும். தக்காளிக்கும் கத்தரிக்கும் அந்த ஆழம் பத்தாது. அவற்றுக்கு 60 செ.மீ. உயர மேடை தனியாகக் கட்டி, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தும்படி விடுங்கள். ஒரு பக்கம் மட்டுமே கை எட்டுமென்றால் அகலம் 60-ஐத் தாண்டவே கூடாது. தக்காளியில் குட்டை ரகம் வையுங்கள், இல்லாவிட்டால் காய் தலைக்கு மேலே தொங்கும்.

கொத்தனார்:
ஜல்லியை முதலில் அள்ளுங்கள், முன்சக்கரம் புதைந்துவிடும். பாதை அகலம் 120 செ.மீ., நாற்காலி திரும்பும் இடம் 150-க்கு 150. படிக்குப் பதில் சரிவுப்பாதை 1:12, அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்; உங்கள் 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். வழவழப்பான கடப்பாக்கல் வேண்டாம், மழையில் பாசி பிடித்து வழுக்கும். சொரசொரப்பாகத் தேய்த்த சிமென்ட் தளமே மேல். மேடையின் வடிகால் துளை பாதைப் பக்கம் வரக் கூடாது.

மண்வெட்டி:
சொட்டுநீர்க் குழாயின் வால்வு எந்த உயரத்தில்?

பசுங்கொடி:
தரையிலிருந்து 80–100 செ.மீ. திருகு வால்வு வேண்டாம். கைப்பிடி நீளமான பால் வால்வு (ball valve; கைப்பிடியைக் கால் வட்டம் தள்ளினால் திறக்கும்) போடுங்கள், பிடிமானம் குறைந்த கையாலும் தள்ளலாம்.