பாச்சியும் அந்த ரோமா பாட்டியும்: ஹங்கேரியில நான் கூட இருந்து பாத்த ஒரு கேஸ்

2014 குளிர்காலம், ஹங்கேரியில டெப்ரெசென் ஊர்ல மெடிசின் அஞ்சாவது வருஷம் படிச்சிட்டிருந்தேன். எங்க வீட்டு ஓனர் ரிட்டயர்டு போலீஸ், அப்புறம் தனியார் துப்பறியும் வேலை பாத்தார். பாச்சின்னுதான் கூப்பிடுவோம், அங்க வயசான ஆம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க, நம்ம மாமா மாதிரி.

ஒருநாள் பக்கத்து கிராமத்துலேர்ந்து ஒரு ரோமா பாட்டி வந்தாங்க. ரோமான்னா பல நூறு வருஷம் முன்னாடி இந்தியாவுலேர்ந்து ஐரோப்பாவுக்குப் போன மக்கள், அங்க ஒதுக்கப்பட்ட சமூகம். மூணு வார இடைவெளியில ரெண்டு மகன், ஒரே வீட்டுல, ராத்திரி படுத்தவங்க காலைல எந்திரிக்கல. மூத்தவர் செத்தப்ப வந்த டாக்டர் வாசல்லயே நின்னு பாத்துட்டு, "குடிச்சிட்டு குளிர்ல விறைச்சிட்டான்"னு எழுதிட்டுப் போயிட்டார். தெரு முழுக்க இது கொலைதான்னு சொன்னாங்க.

அவங்க அப்படி நெனச்சதுல தப்பே இல்ல. 2008-09ல ஒரு கும்பல் ஊர் ஊரா போய் ரோமா வீடுங்க மேல பெட்ரோல் குண்டு வீசி, சுட்டு, ஆறு பேரைக் கொன்னுச்சு. தத்தார்சென்ட்ஜார்ஜ்ங்கிற ஊர்ல எரியுற வீட்டுலேர்ந்து சின்னப் பையனைத் தூக்கிட்டு ஓடின அப்பாவையும் பையனையும் சுட்டாங்க, மொதல்ல போலீஸ் அதையும் தீ விபத்துன்னுதான் சொன்னாங்க. அப்ப ஐரோப்பிய பார்லிமென்ட்ல எம்பியா இருந்த ரோமா பொண்ணு விக்டோரியா மொஹாச்சி நேர்ல போய் கேள்வி கேட்டாங்க. கடைசியில 2009 ஆகஸ்ட்ல ஆளுங்க பிடிபட்டது எங்க டெப்ரெசென்லதான்.

பாச்சி என்னையும் காருல கூட்டிட்டுப் போனார். போனதும் ஒரு கேள்விகூட கேக்கல. இளையவருக்கு ராத்திரி முழிச்சிருக்கிற சடங்கு நடந்துட்டிருந்துச்சு, கண்ணாடிய துணி போட்டு மூடியிருந்தாங்க, விடிய விடிய காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தோம். செத்தவங்க பேரை அங்க யாரும் சொல்ல மாட்டாங்க, ஆவி வந்துரும்னு பயம். மூத்தவரோட துணி, படுக்கை எல்லாத்தையும் அப்பவே எரிச்சுட்டாங்க, அதனால தடயம்னு பாத்தா ஒண்ணுமே மிச்சமில்ல. பாட்டி அன்னைக்கு ராத்திரி வீட்டுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு விரல் விட்டு எண்ணினாங்க, அவங்க பாஷையில யேக், துய், ட்ரின்னு, எனக்கு புல்லரிச்சிருச்சு, நம்ம இந்தி ஏக், தோ, தீன் அப்படியே கேக்குற மாதிரி.

மகன் போட்டோவ எங்கிட்ட நீட்டினாங்க. பொதுவா செத்தப்புறம் ரத்தம் தேங்குற இடம் ஊதாவா இருக்கும், இதுல ரோஸ் கலர். எனக்கு கை நடுங்குச்சு. கார்பன் மோனாக்சைடா, அதாவது விறகு சரியா எரியாதப்ப வர்ற விஷ வாயுவா இருக்கலாம், ஆனா குளிர்ல கெடந்தாலும் ரோஸ் வரும், ரத்த டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதுன்னு பாச்சிகிட்ட மெதுவா சொன்னேன். அவர் மறுநாளே வக்கீல் வச்சு மனு போட வச்சார், ரிசல்ட்ல கார்பன் மோனாக்சைடு ஏறின ஹீமோகுளோபின் பாதிக்கு மேல.

அப்புறம் அந்த வீட்டுக்குப் போய் புகைபோக்கியோட அடியில இருக்கிற சின்ன இரும்புக் கதவைத் தொறந்து முழங்கை வரைக்கும் கைய விட்டார். கரி, ஈரமான சுள்ளி, கொஞ்சம் கம்பளி நூல். மேல காக்கா இனத்துல ஒரு சின்னப் பறவை கட்டின கூடு, மொத்தமா அடைச்சிருந்துச்சு. விறகு அடுப்பு புகை போக வழியில்லாம ரூமுக்குள்ளயே திரும்பியிருக்கு.

கேஸ் முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன், பாட்டி நம்பல. பாச்சி அந்தச் சுள்ளியெல்லாம் ஒரு பேப்பர்ல பரப்பி, அவங்க முன்னாடி தரையில உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்துக் கையில குடுத்தார், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அவங்க ஒண்ண மோந்து பாத்துட்டு ஹங்கேரியன்ல கேட்டாங்க, "மொத டாக்டர் உள்ள வந்திருந்தா என் சின்னவன் இருந்திருப்பான்ல?"

பாச்சி ஆமான்னு சொன்னார். வேற எதுவும் சொல்லல.

(இதுக்கெல்லாம் பாச்சி ஃபீஸ் எதுவும் வாங்கல. அடுத்த வாரம் புகைபோக்கி சுத்தம் பண்றவர கூட்டிட்டுப் போய் அந்தத் தெருவுல இருந்த எல்லா வீட்டையும் பாக்க வச்சார், இன்னும் ரெண்டு வீட்டுல கூடு இருந்துச்சு.)