பினியல் சுரப்பி: பகலா இரவா என்பதற்கு முன், எந்தப் பகுதி?

(மூளையில் மெலடோனின் சுரக்கும் பினியல் சுரப்பியைப் பகலிலும் இரவிலும் எடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிடுவது பற்றி வெட்டுமேசை, இரவுப்பணி, நுண்வெட்டு என்ற பெயர்களில் மூவர் பேசிக்கொண்டது.)

வெட்டுமேசை:
எலியின் மண்டையோட்டைத் தூக்கும் அந்த நொடிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூளை சேதமில்லாமல் வந்துவிடும், பினியலைக் காணோம். ஓட்டைக் கவிழ்த்தால், உள்பக்கம் டியூராவில், அதாவது மூளையை மூடும் தடித்த உறையில், பெருஞ்சிரைகள் கூடும் இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் மேல்பகுதி மட்டும்தான். காம்பு அறுந்து, ஆழ்பகுதி ஹபெனுலா என்ற மூளைப் பகுதியின் ஓரம் மூளையிலேயே தங்கிவிடும். எந்த முனை காம்புப் பக்கம் என்று தெரியாமல் ரெசினில் (மெல்லிதாக வெட்டுவதற்காகப் பதிக்கும் பிசினில்) பதித்தால் கதை முடிந்தது. பகல் சுரப்பியில் நுனியையும் இரவுச் சுரப்பியில் காம்போரத்தையும் வெட்டி, உட்கரு அளவை ஒப்பிட்டு என்ன பயன்? பெர்ஃப்யூஷன் (ரத்தக்குழாய் வழியே பதப்படுத்தும் திரவம் செலுத்துவது) முடிந்தபின் டியூராவோடு சேர்த்தே எடுத்து, முன்பக்க டியூராவில் சின்ன வெட்டு போட்டு வையுங்கள். காம்பு முன்னோக்கிக் கீழே இறங்குவது, அதனால் அந்த அடையாளம் போதும்.

இரவுப்பணி:
இடம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! இரவில் விளக்கைப் போட்டால் எலியில் மெலடோனின் என்ற இரவு ஹார்மோனைத் தயாரிக்கும் ஏஏநேட் (AANAT) என்சைம் சில நிமிடங்களிலேயே பாதிக்குக் கீழே விழுந்துவிடும். கதவிடுக்கில் கசியும் வெளிச்சம் பட்ட விலங்கை 'நள்ளிரவு' என்று எழுதி வைத்தால் மொத்தத் தொகுதியும் வீண். சிவப்பு விளக்கும் மங்கலாக, கொஞ்ச நேரம்தான் எரிய வேண்டும்.

நுண்வெட்டு:
இரண்டு பேரும் எண்ணும் முறையை விட்டுவிட்டீர்கள். கினிப் பன்றியில் சினாப்டிக் ரிப்பன்கள் (பினியல் செல்களுக்குள் இருக்கும் நுண்ணிய தகடுகள்) பகலைவிட இரவில் தெளிவாகக் கூடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 60–80 நானோமீட்டர் வெட்டில் எண்ணுவது ரிப்பனை அல்ல, அதன் குறுக்குத் தோற்றத்தை. ரிப்பன் நீண்டாலே கத்தியில் அதிக முறை சிக்கும், எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும். ஒரு பகுதியில் செல்கள் சுருங்கியிருந்தாலும் அப்படித்தான், பரப்பளவுக்கான எண் தானாக ஏறும். 20,000 சதுர மைக்ரோமீட்டருக்கு எத்தனை என்ற பழைய கணக்கைத் தரலாம், கூடவே செல் அளவையும் தாருங்கள். முடிந்தால் அடுத்தடுத்த வெட்டுகளை ஜோடியாக வைத்து, ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாதவற்றை மட்டும் எண்ணும் டைசெக்டர் முறையில் எண்ணுங்கள். வெட்டு குறுக்கே போனால் ரிப்பன் கருங்கோலாகத் தெரியும், சுற்றிலும் வெசிக்கிள்கள் (நுண்ணிய பைகள்) வரிசை கட்டி நிற்கும். தட்டையாகப் போனால் மங்கலான தகடு, அதைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உருண்டை வடிவ ஸ்ஃபெரூல்களை ரிப்பனோடு கலக்காதீர்கள், அவற்றின் நாள்தாளம் வேறு. பிளாக்கில் (சுரப்பி பதித்த கட்டியில்) பகல், இரவு என்று எழுதாமல் குறியீட்டு எண் மட்டும் போட்டு, எண்ணி முடித்தபின் திறந்து பாருங்கள்.

வெட்டுமேசை, அடையாளம் இல்லாத பிளாக்குகளையும் தூக்கிப் போட வேண்டாம். எலியில் ஜிஎஃப்ஏபி (GFAP) புரதத்தைக் காட்டும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் காம்புப் பக்கத்தில்தான் குவிந்திருக்கும். ரெசினில் இல்லாத, பாரஃபின் மெழுகில் பதித்த சுரப்பி என்றால், பக்கத்து வெட்டில் ஜிஎஃப்ஏபி சாயம் ஏற்றிப் பாருங்கள். நிறம் அடர்த்தியாகப் பிடித்தால் அது காம்போரம்.