சி-யோடு போன கடிதங்கள்

கொக்குவிலிலிருந்து:

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து எங்கள் ஒழுங்கையில் புது விண்டோஸ் போட ஆளுக்காள் கணினியைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்குப் போகிறார்கள். போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி தன்னுடையதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நின்றார். "மெயில் எல்லாம் எடுத்து வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன். "அது இன்ரநெற்றிலதானே தம்பி இருக்கு" என்றார். 2010-இல் அப்பாவும் இதைத்தான் சொன்னவர். அந்தக் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் சொல்லுங்கோ.

அப்பாவிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. மெயிலுக்கு அவுட்லுக் எக்ஸ்பிரஸ். டயல்-அப் காலத்துப் பழக்கம் அவருக்கு விடவில்லை. லைனைப் போட்டு, 'சென்ட்/ரிசீவ்' அமத்தி, வந்ததை இறக்கி, லைனை வெட்டிவிட்டு ஆறுதலாக இருந்து வாசிப்பார். பொப்3 முறையில் மெயிலை இறக்கினால், 'சேர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று நாங்களாகச் சரி போட்டு வைக்காவிட்டால் அங்கே அழிந்துவிடும். ஆக, ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுடன் அப்பம்மாவின் காணி பற்றி எழுதிய கடிதங்கள், காணி உறுதியின் ஸ்கான் பிரதி எல்லாம் மேசைக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

வைரஸ் வந்தது, கடையில் கொடுத்தோம். பெடியனைக் குறை சொல்ல மாட்டேன். 'மை டொக்கியுமென்ட்ஸ்', டெஸ்க்டொப், கலியாண வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டுத்தான், விண்டோஸ் இருந்த சி டிரைவை ஃபோமற் அடித்து முழுக்க அழித்தான். அவுட்லுக் எக்ஸ்பிரஸோ கடிதங்களை சி-யில், 'லோக்கல் செற்றிங்ஸ்' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள்ளே, வாயில் நுழையாத நீள இலக்கம் ஒன்றைப் பெயராகக் கொண்ட இன்னொரு ஃபோல்டருக்குள்ளே, டிபிஎக்ஸ் கோப்புகளாக ஒளித்து வைத்திருக்கும். தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இன்பொக்ஸைத் திறந்தார். ஒரேயொரு கடிதம் இருந்தது: அவுட்லுக் எக்ஸ்பிரஸின் வரவேற்புக் கடிதம். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருக்கால் 'சென்ட்/ரிசீவ்' அமத்தினார்.

சித்தப்பா தன்னிடம் இருந்ததை எல்லாம் திருப்பி அனுப்பினார். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை! இருவரும் எழுதிக்கொண்டது பாமினி எழுத்துருவில். அதுவும் சி-யோடு போயிருந்தது. அதைத் திரும்பப் போட்ட பிறகுதான் தமிழ் தெரிந்தது. லண்டனில் இருந்த பள்ளிக்கூடச் சிநேகிதர் எழுதியவற்றைக் கேட்டு வாங்க வழி இல்லை. அவர் முந்தின வருடமே காலமாகிவிட்டார்.

சுன்னாகத்திலிருந்து:

அண்ணை, நான் மயிரிழையில் தப்பினவன். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கொழும்பிலிருந்து வரும் இன்வொய்ஸ் முழுக்க அவுட்லுக்கில், ஒரே பிஎஸ்டி கோப்பாக 6 ஜிபி. புது விண்டோஸ் போட முதல் ஒரு 32 ஜிபி பென் டிரைவில் கொப்பி பண்ணினேன். நடுவில் ஏதோ செய்தி வந்தது. பசி நேரம், வாசிக்காமல் 'ஸ்கிப்' அமத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வந்து பார்த்தால் வேலை முடிந்திருந்தது. பென்னில் நிரம்பியிருந்தது 1 ஜிபி கூட இல்லை. அது ஃபாற்32-இல் ஃபோமற் ஆன பென். அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இடம் எவ்வளவு கிடந்தாலும் சரி, ஏற்றுக்கொள்ளாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபாற் ஆக மாற்றினேன். அப்புறம் 'கோப்பு பாவனையில் உள்ளது' என்றது. அவுட்லுக்கை மூடாமல் கொப்பி பண்ணினால் அப்படித்தான் சொல்லும்.

இந்தமுறை நான் யாரையும் நம்பவில்லை, என்னையும் சேர்த்து. பென்னை முதலாளியின் மகனுடைய மடிக்கணினிக்குக் கொண்டுபோய், பிஎஸ்டியை அங்கே திறந்து, சீமெந்து இன்வொய்ஸ் ஒன்றை அதன் இணைப்போடு வாசித்துவிட்டுத்தான் ஃபோமற் அடிக்க விட்டேன்.

திருத்துகிற கடையிலிருந்து:

அந்தப் பெடியன் நான் இல்லை! ஆனால் அவன் பக்கத்தையும் சொல்ல வேணும். கணினியைத் தந்துவிட்டு "எல்லாத்தையும் எடுங்கோ தம்பி" என்று போய்விடுவார்கள். என்னென்ன பாவிக்கிறார்கள் என்று சொல்வது பத்தில் ஒருவர். இப்போது நான் முதலே கேட்டுவிடுகிறேன்: மெயிலை பிரவுசரில் பார்க்கிறீங்களோ, அவுட்லுக்கோ, தண்டர்பேர்டோ?

தண்டர்பேர்ட் என்றால் எனக்கு நிம்மதி. 'ஆப்டேற்றா' என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்தால் கடிதம், முகவரிகள், சேமித்த பாஸ்வேர்ட் எல்லாம் கூடவே வரும். அவுட்லுக்கில் பிஎஸ்டிக்குப் பதிலாக ஓஎஸ்டி கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் பாவம். அது சேர்வரில் இருப்பதன் நிழல் மாதிரி. வேறு கணினியில் அதை அவுட்லுக் திறக்காது. கணக்கு உயிரோடு இருந்தால் திரும்ப இறக்கலாம். வேலையை விட்டு, அலுவலகம் கணக்கை மூடியிருந்தால் பிஎஸ்டியாக முன்கூட்டியே எடுத்திருக்க வேணும்.

என் கையில் விட்டால் பழைய டிஸ்கைத் தொடவே மாட்டேன். புது எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டு அதில் விண்டோஸ் ஏற்றுவேன். பழையதை உறையில் போட்டுக் கையில் கொடுத்து, இரண்டு மாதம் அலுமாரிக்குள் வைக்கச் சொல்வேன். கொஞ்சம் காசு கூடத்தான், ஆனால் இரவு பத்து மணிக்கு எனக்கு அழுதழுது கோல் வராது.

மீண்டும் கொக்குவில்:

அன்ரியின் கணினி முந்தாநாள் வந்துவிட்டது. அவர் சொன்னது சரி. ஜிமெயிலை பிரவுசரில்தான் பார்ப்பாராம், ஒரு கடிதம்கூடப் போகவில்லை. போனது பாஸ்வேர்ட். இத்தனை வருடமாக பிரவுசர்தான் அதை ஞாபகம் வைத்திருந்தது, அன்ரி இல்லை. மாற்றப் போனால் குறியீட்டு இலக்கம் மகனின் தொலைபேசிக்குப் போகிறது. மகன் பாரிசில் இரவு வேலை முடித்துப் படுத்திருந்தார். அவர் எழும்பும் வரைக்கும் அன்ரி எங்கள் விறாந்தையில் இருந்து இரண்டு பிளேன்ரீ குடித்தார்.