தாத்தா வீடு குழு: பெரியப்பா ஈரலுக்கு எந்த ஸ்கேன்?

*செந்தில், 7:42*
அப்பாவோட ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அளக்குற ஸ்கேன்) ரிசல்ட் வந்துருச்சு. 11.8 கிலோபாஸ்கல். ஈரல்ல தழும்பு விழுந்திருக்கலாம், பயாப்ஸி எடுத்துப் பாத்துருவோம்னு டாக்டர் சொல்றார்.

*பெரியப்பா, 7:45*
விலாவுல ஊசிய விட்டு ஈரலப் பிச்சு எடுப்பாங்களாம். எனக்கு வேணாம்.

*செல்வி அத்தை, 7:51*
பலமுறை பகிரப்பட்டது: "நானோ இரும்பு ஊசி! எம்.ஆர்.ஐ.யில் ஈரல் தழும்பைக் காட்டும்! கரைக்கும்! இனி பயாப்ஸி தேவையில்லை!"
அண்ணே, இதப் போட்டுக்கலாமான்னு கேளுங்க. கயலு, ஸ்கேன் படிப்புதானத்தா நீ படிக்கிற, பாத்துச் சொல்லு.

*கயல், 8:20*
இப்பத்தான் ட்யூட்டி முடிஞ்சுது அத்தை. காட்டும்கிறது நெசம். கரைக்கும்கிறது பொய், அத யாருக்கும் அனுப்பாதீங்க.

*கயல், 8:24*
ஈரலுக்குள்ள குப்ஃபர் செல்னு ஒண்ணு இருக்கு. ரத்தத்துல வர்ற அழுக்க முழுங்குறதுதான் அதுக்கு வேலை. இரும்பு ஆக்ஸைடு நானோ துகள ஊசியில போட்டா அதையும் முழுங்கிரும். அந்த இரும்பு பக்கத்துல காந்தப்புலத்தக் குலைக்கிறதால, எம்.ஆர்.ஐ. படத்துல நல்ல ஈரல் கருத்துப்போகும். தழும்புக்குள்ள அந்த செல் கம்மி. அதனால அது கருக்காம, வலை மாதிரி வெளுப்பா தெரியும்.

*செல்வி அத்தை, 8:27*
சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குனா முடிச்சு மட்டும் வெள்ளையா நிக்குமே, அப்படியா?

*கயல், 8:28*
அதேதான் அத்தை! இனி நானும் இப்படியே சொல்லப்போறேன் ❤️

*செந்தில், 8:30*
அப்ப அதையே எடுத்துரலாமே?

*கயல், 8:36*
மருந்து கெடைக்கிறது கஷ்டம்ண்ணே. ஃபெரிடெக்ஸ்னு ஒண்ணுக்கு அமெரிக்காவுல 1996-ல அனுமதி குடுத்தாங்க, 2008-ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. ஃபெருமாக்ஸிடால்னு இன்னொண்ணு, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களோட ரத்தசோகைக்காக 2009-ல வந்த இரும்பு மருந்து. அத சில ஆஸ்பத்திரியில எம்.ஆர்.ஐ.க்கும் போடுறாங்க. உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்னு 2015-ல எச்சரிக்கையக் கடுமையாக்கிட்டாங்க. பெரியப்பாவுக்கு அந்த ரிஸ்க் எதுக்கு?

*கயல், 8:41*
ஊசியே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி. விலா மேல ஒரு தட்ட வச்சு நொடிக்கு 60 தடவ அதிர விடுவாங்க. ஈரல் கெட்டியா இருந்தா அந்த அலை வேகமா ஓடும், அத வச்சு எவ்வளவு கெட்டின்னு கணக்குப் போடுவாங்க. 1995-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ங்கிற ஆஸ்பத்திரியில இருந்து சயின்ஸ் இதழ்ல வந்த கட்டுரையில இருந்துதான் இது தொடங்குச்சு. அதுல முதல் பேரு ராஜா முத்துப்பிள்ளை.

*பெரியப்பா, 8:43*
முத்துப்பிள்ளையா? நம்ம பக்கத்துப் பேரா இருக்கே. வலிக்குமா அது?

*கயல், 8:46*
வலிக்காது பெரியப்பா. மூச்சப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாப் போதும். பயாப்ஸியில ஈரல்ல ஏறக்குறைய 50,000-ல ஒரு பங்குதான் வரும், தழும்பு வேற பக்கம் இருந்தா தவறிரும். இதுல அதவிட ரொம்பப் பெரிய பகுதியப் பாத்துரலாம். ஆனா நோய்க்குக் காரணம் புரியலைன்னா பயாப்ஸி தேவைப்படலாம். அப்ப மறுக்கக் கூடாது. நான் வந்து கூட நிக்கிறேன்.

*கயல், 8:47*
ஒண்ணு கேக்கணும். ஃபைப்ரோஸ்கேன் எடுக்கிறதுக்கு முன்னாடி சாப்பிட்டீங்களா?

*பெரியப்பா, 8:49*
நாலு இட்லி, ஒரு வடை. கீழ கேன்டீன்லதான். சாப்பிட்டு உடனே மேல போயிட்டோம்.

*கயல், 8:50*
ஐயோ! 3 மணி நேரமாவது வெறும் வயித்துல இருக்கணும். சாப்பிட்டா ஈரலுக்கு ரத்தம் கூடுதலா வரும், நம்பரும் ஏறிரும்.

*செந்தில், 8:51*
அங்க யாருமே சொல்லலையேம்மா.

*கயல், 8:54*
11.8-ஐ அப்படியே நம்பவும் வேணாம், ஒண்ணுமில்லைன்னு விட்டுறவும் வேணாம். வெறும் வயித்துல இன்னொரு தடவ எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அப்பவும் கூடுதலா இருந்தா எலாஸ்டோகிராஃபி பத்திக் கேளுங்க. சாப்பிட்டுட்டுப் போனதையும் மறக்காம சொல்லிருங்க.

*செந்தில், 8:56*
திங்கக்கிழமை காலைல கூட்டிட்டுப் போறேன்.

*பெரியப்பா, 8:58*
கயலு, டாக்டர் பேசும்போது நீ போன்ல இருக்கியாத்தா?

*கயல், 8:58*
இருக்கேன் பெரியப்பா.

*பெரியம்மா, 9:03*
ஞாயித்துக்கிழமை ராத்திரி 8 மணிக்கே சோறு போட்டுருவேன். காலைல காபி கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.