ஆத்தா வூட்டு கிரைண்டர்

குரூப்: பெரிய வூடு குடும்பம்

செல்வி: எல்லாரும் பாருங்க. ஞாயித்துக்கெழம வாடகைக்காரங்க பால் காய்ச்சறாங்க. வூடு ஒழிச்சாச்சு, சமையக்கட்டுல அந்த பெரிய கிரைண்டர் மட்டும் நிக்குது. யாருக்கு வேணும்? இல்லீன்னா பழைய இரும்புக்காரனுக்கு சொல்லிருவேன்

தேவி அத்தை: போட்டோ போடு

செல்வி: 📷

கார்த்தி: அடேங்கப்பா இது இன்னும் இருக்கா. டில்டிங்கு, அப்படியே சாய்ச்சு மாவ எடுக்கறது

சின்ராசு சித்தப்பா: இரும்புக்காரனுக்கா??? கண்ணு அது என்னன்னு தெரிஞ்சு பேசோணும். 1955ல சபாபதிங்கறவரு நம்ம கோயமுத்தூர்ல கிரைண்டர் கொண்டு வந்தாரு, மெட்ராஸ்ல வரல மதுரைல வரல இங்க மட்டும் ஏன்னு யோசிச்சியா? 1930கள்ல நீலகிரி மலைல பைக்காரா ஆத்துத் தண்ணில எடுத்த கரண்டு வந்துச்சு, அத நம்பி மில்லு பெருகுச்சு, கெணத்துக்கு பம்புசெட்டு வந்துச்சு, பம்புசெட்டுக்காக பீளமேடு, கணபதின்னு ஊரச்சுத்தி எல்லாப் பக்கமும் பவுண்டரி, மோட்டார் பட்டறை. காயில் கட்டத் தெரிஞ்சவன் சும்மா இருப்பானா, தண்ணி எறைக்கற மோட்டார கல்லுக்கு மாட்டிட்டான். பைக்காரால தண்ணி உழுந்ததுக்கும் நீ காலைல தின்ன இட்லிக்கும் சம்பந்தம் இருக்குது கண்ணு. 2005-06ல கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க

கார்த்தி: காலைல நான் ஓட்ஸ் தின்னேன் சித்தப்பா

செல்வி: செரிங்க சித்தப்பா, அப்ப நீங்களே எடுத்துக்கறீங்களா

சின்ராசு சித்தப்பா: எங்கூட்ல எடமில்ல கண்ணு

கார்த்தி: 😂😂😂

பிரியா (நியூஜெர்சி): எனக்கு ஆசதான், இங்க 110 வோல்ட்டு. டேபிள் டாப்பே 110க்குன்னு தனியா வாங்குனது

தேவி அத்தை: அந்தக் குளுருக்கு மாவு பொங்குதா பிரியா

பிரியா (நியூஜெர்சி): ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சுருவேன் அத்தை. சூப்பரா பொங்கும். ஒருக்கா மறந்துட்டு ஓவன ஆன் பண்ணிட்டாரு இவரு

கார்த்தி: மாப்ள கேக் சுட்டுட்டாரு

செல்வி: ஆத்தா வாய்ஸ் போட்டிருக்குது, கேளுங்க

கார்த்தி: பஸ்ல இருக்கறேன் டைப் பண்ணுக்கா

செல்வி: "ஆட்டாங்கல்லு இருந்தப்ப தீவாளிக்கும் நோம்பிக்குந்தான் இட்லி. மத்த நாளைக்கு கம்மஞ்சோறு, களி. கிரைண்டர் வந்தா வேல கொறையும்னு சொன்னாங்க, வந்தப்பறம் உங்கப்பாரு தெனமும் இட்லி கேட்டாரு. தோள்நோவு போச்சு. ஊறப்போடறது, வழிக்கறது, கல்லக் கழுவறது தெனம் ஆயிப்போச்சு." இத்தன தான் டைப் பண்ண முடிஞ்சுது, மிச்சம் அப்பாரத் திட்டுது

சின்ராசு சித்தப்பா: அம்மா அப்படி சொல்லப்படாது. கையிலயே ஆட்டிட்டிருந்தா பொம்பளைக எப்ப வெளிய போறது

தேவி அத்தை: அது நெசந்தான், கிரைண்டர ஓடவிட்டுட்டுத்தான் நான் டைப்பு கிளாசுக்கு போனேன், நடுவுல தள்ளி விடறதுக்கு எங்கண்ணன் ஒரு நாளாச்சும் எந்திரிச்சாரா கேளு

சின்ராசு சித்தப்பா: பழசெல்லாம் எதுக்கு

தேவி அத்தை: பழசா? சீரு வெக்கறப்ப கிரைண்டர் தர்றேன்னு சொல்லிப்போட்டு ஆட்டாங்கல்லத்தான லாரில ஏத்துனீங்க. எங்க மாமியா சாகறவரைக்கும் அதச் சொல்லிக்காட்டுச்சு

பிரியா (நியூஜெர்சி): 😮 இது எனக்குத் தெரியாதே

கார்த்தி: பவர்கட்டு ஞாபகம் இருக்கா, 2012ல? கரண்டு எப்ப வருதோ அப்ப மாவு. ராத்திரி ரெண்டு மணிக்கு தெருவே கடகடன்னு ஓடும்

தேவி அத்தை: அதுக்கு முந்தின வருசந்தான் ரேஷன் கார்டுக்கு மிக்ஸி கிரைண்டர் ஃபேன் குடுக்க ஆரம்பிச்சாங்க. கிரைண்டர் குடுத்தாங்க கரண்டு குடுக்கல

சின்ராசு சித்தப்பா: அந்தம்மா வந்தப்பவே கரண்டு இல்ல, அதுக்கு முன்னாடி ஆண்டவன் யாரு

செல்வி: குரூப்புல அரசியல் வேண்டாம் சித்தப்பா. ஞாயித்துக்கெழம.

தேவி அத்தை: ஏன் செல்வி, முக்குல மாவு விக்கற பாப்பாத்திய கேட்டுப் பாரேன். கவர்மெண்ட்டு கிரைண்டர்ல ஆரம்பிச்சவதான, இப்ப அந்தத் தெருவுல பாதி வூட்டுல அவ மாவுதான். கிரைண்டர் வெச்சிருக்கறவளுகளே மாவு வாங்கறாளுக, நாங்கூடத்தான்

செல்வி: நானுந்தான் 🙈 ஆத்தாகிட்ட சொல்லிப்போடாதீங்க

கார்த்தி: ஆத்தா இந்த குரூப்புல தான இருக்குது

செல்வி: அதுக்குப் படிக்கத் தெரியாதுடா

சின்ராசு சித்தப்பா: பாப்பாத்திக்கு குடுக்கறதுன்னா மோட்டார நான் பாத்து குடுக்கறேன், பெல்ட்டு மாத்தோணும். காசு எவ்வளவு கேக்கறது?

தேவி அத்தை: காசா? அம்மா கிரைண்டர வித்துத் தின்னோம்னு ஊர் பேசட்டும்

செல்வி: பாப்பாத்தியக்காவ கேட்டுட்டு சொல்றேன். சும்மா குடுத்தாலும் டெம்போ வாடகை யாரு குடுக்கறது

கார்த்தி: 👍

செல்வி: கட்டவெரலு வேண்டாம் ஜிபே பண்ணு

சின்ராசு சித்தப்பா: ↪ முன்னனுப்பியது: வெறும் வயித்துல வெந்தயத் தண்ணி குடிச்சா

தேவி அத்தை: ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு செல்வி பால் காய்ச்சறது? டிபன் உண்டா?