ஒரு பில்லுக்கு ஆறு வரி: ஜாயின் போட்டுப் பார்த்த அனுபவங்கள்

ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு மென்பொருள் பராமரிக்கும் வேலை எனக்கு வந்தது. கையில் முதலில் கிடைத்தது அவர்களுடைய நிலுவை அறிக்கை. யார் எவ்வளவு பாக்கி என்று சொல்ல வேண்டிய அறிக்கையில், பலர் கூடுதலாகவே பணம் கட்டியிருப்பதாக இருந்தது. கணக்கு பார்ப்பவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, கடனுக்குச் சரக்கு எடுக்கிறவங்க யாரும் இவ்வளவு பணத்தை முன்கூட்டியே கொடுத்து வைக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் ஏதோ தப்பாக் கூட்டுது."

கூட்டல் சரியாகத்தான் நடந்தது. கூட்டுவதற்கு அனுப்பிய வரிகள்தான் தப்பு.

பில், பில்லில் உள்ள சரக்கு, வரவு என்று மூன்று டேபிள்கள் (தரவு வரிவரியாக இருக்கும் அட்டவணைகள்). சரக்குக்கும் வரவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, இரண்டிலும் பில் எண் இருக்கிறது, அவ்வளவுதான். அறிக்கையின் குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் எஸ்கியூஎல் மொழியில் கேட்கும் கேள்வி, மூன்றையும் பில் எண்ணால் ஒன்றாக இணைத்து (இந்த இணைப்புதான் ஜாயின்), சரக்குத் தொகையையும் வரவுத் தொகையையும் ஒரே மூச்சில் கூட்டியது. ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு, கூட்டும் சம், குழுவாகப் பிரிக்கும் குரூப் பை இரண்டையும் நீக்கிவிட்டு, வரிகளை அப்படியே வரவழைத்துப் பார்த்தேன். வேட்டி 1200, துண்டு 800, சட்டைத் துணி 500, ஆக 2500 ரூபாய். வரவு இரண்டு தவணை: 1000, 1500. பாக்கி ஒன்றுமில்லை. ஆனால் திரையில் ஆறு வரி நின்றது. ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேர்ந்திருந்தது. சரக்கு இரண்டு மடங்காகி 5000, வரவு மூன்று மடங்காகி 7500. அறிக்கைப்படி அந்த வாடிக்கையாளருக்குக் கடைதான் 2500 ரூபாய் தர வேண்டும்.

இது ஏன் அதுவரை பிடிபடவில்லை? ஒரு சரக்கு, ஒரு வரவு உள்ள பில்லில் எல்லாம் சரியாக வரும். இரண்டு சரக்கு, இரண்டு வரவு இருந்து கணக்கு தீர்ந்திருந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெருகி, பாக்கி சுழியம் என்றே காட்டும். சோதித்துப் பார்த்தவர் அப்படிப்பட்ட பில்களை எடுத்திருந்தால் குறை கண்ணில் பட வழியே இல்லை.

முன்பு யாரோ சந்தேகப்பட்டு, வரவுத் தொகைக்கு டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு முறை மட்டும் எடுக்கும் சொல்) போட்டுப் பார்த்திருந்தார்கள். அது நோயை மறைக்கும் மருந்து. 1000, 1000 என்று இரண்டு சம தவணை கட்டியவருக்கு ஒரு தவணை காணாமல் போகும். சரியான வழி, சரக்கைத் தனியாக பில்வாரியாகக் கூட்டி, வரவையும் அப்படியே தனியாகக் கூட்டி, பில்லுக்கு ஒரு வரி என்று ஆன பிறகு இணைப்பதுதான். குவெரியை வித் (WITH) என்று தொடங்கி இரண்டு சின்னப் பகுதிகளாக எழுதினால் படிக்கவும் சுலபம்.

தரவுத்தளத்தின் மேல் பழி போட இதில் இடமில்லை. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் வெளியிட்ட, தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் முறைக்கே அடித்தளமான கட்டுரையிலேயே இது இருக்கிறது. சப்ளையர்–பாகம் ஒரு உறவு, பாகம்–திட்டம் இன்னொரு உறவு. ஒரே பாகம் இரண்டு பக்கமும் பலரோடு சேர்ந்திருந்தால், இணைக்கும்போது எந்த சப்ளையர் எந்தத் திட்டத்துக்கு என்பது உறுதியாகாது என்று அவர் காட்டியிருக்கிறார். எங்கள் பில் எண்தான் அவருடைய அந்தப் பாகம். அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்று. அந்தக் குவெரி பழைய பாணி. ஃப்ரம் (FROM) பகுதியில் கமா போட்டு டேபிள்களை அடுக்கி, பொருத்தத்தையெல்லாம் வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதியது. டேபிளுக்கு ஜாயின், பொருத்தத்துக்கு ஆன் (ON) என்று தனித்தனியாக எழுதும் முறை 1992 எஸ்கியூஎல் தரநிலையோடு வந்தது. கமா பாணியில் வரவே இல்லாத பில் அறிக்கையில் தலைகாட்டவே காட்டாது. ஒரு பைசாகூடக் கட்டாதவர்கள் பட்டியலிலேயே இல்லை!

* * *

அண்ணா, கட்டாதவர்கள் பட்டியலிலேயே இல்லை என்று கடைசியாகச் சொன்னீர்களே, அது எங்களுக்கும் நடந்தது. ஒரு பள்ளியின் கட்டணக் கணக்கு. இரண்டாம் பருவக் கட்டணம் கட்டாத மாணவர்கள் யார் என்று கேட்டார்கள். குவெரியில் லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத வரியையும் விடாமல் வைத்துக்கொள்ளும் இணைப்பு) முறையாகவே இருந்தது. ஆனால் பருவம் 2 என்ற நிபந்தனை வேரில் இருந்தது. கட்டாத மாணவருக்கு எதிரே பருவம் என்ற இடத்தில் நல் (NULL, மதிப்பு இல்லை என்ற குறி)தான் இருக்கும். நல்லை 2உடன் ஒப்பிட்டால் உண்மை என்று விடை வராது, வேர் அந்த வரியைத் தள்ளிவிடும். லெஃப்ட் ஜாயின் பாடுபட்டுக் காப்பாற்றிய வரிகளை வேர் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது. நிபந்தனையை ஆனுக்கு மாற்றி, வேரில் 'கட்டண எண் நல்லாக இருப்பவை' என்று மட்டும் வைத்ததும் பட்டியல் வந்துவிட்டது.

அதே லெஃப்ட் ஜாயினை வைத்து எத்தனை தவணை என்று எண்ணுபவர்கள் கவுண்ட்டுக்குள் நட்சத்திரம் (*) போட வேண்டாம். ஒன்றுமே கட்டாதவருக்கும் 1 என்று வரும். கட்டண எண்ணைப் போட்டால்தான் 0 வரும்.

'இந்தப் பட்டியலில் இல்லாதவர்' என்று கேட்கும் நாட் இன் போட்டும் சிலர் இதை எழுதுவார்கள். உள்ளே இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தால் போதும், விடை வெறுமையாக வரும், பிழைச் செய்தியும் வராது. எல்லாரும் கட்டிவிட்டார்கள் என்று அலுவலகம் நிம்மதியாக இருந்துவிடும். 'அப்படி ஒரு வரியே இல்லை' என்று பார்க்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள், அந்த வம்பே இல்லை.

* * *

நான் சொல்ல வருவது வேகம் பற்றி. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தளத்தை போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றினோம். டேபிள், ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) எல்லாம் அப்படியே. ஆனால் பழைய வாடிக்கையாளர்களை நீக்கும் வேலை மட்டும் ஊர்ந்தது. மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, ஃபாரின் கீ உள்ள நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை) இல்லாவிட்டால் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது. ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ, மதிப்பு திரும்ப வரக்கூடாது என்ற யூனிக் போன்றவற்றுக்குத்தான் தானாகப் போடும். அதனால் ஒரு வாடிக்கையாளரை நீக்கும் ஒவ்வொரு முறையும், அவரைச் சுட்டும் ஆர்டர் ஏதாவது இருக்கிறதா என்று ஆர்டர் டேபிள் முழுவதையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்டுபிடிக்க, கட்டளை எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போதும். நீக்கும் கட்டளைக்கு அதைப் போட்டால், கீழே ஃபாரின் கீயைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் போனது என்று தனி வரியாகக் காட்டும். எங்களுக்கு நேரம் முழுக்க அந்த வரியில்தான் இருந்தது. அப்புறம், அனலைஸ் சேர்த்தால் கட்டளை உண்மையாகவே ஓடும். பிகின் போட்டுத் தொடங்கி, பார்த்து முடித்ததும் ரோல்பேக் கொடுங்கள், செய்தது ரத்தாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் இன்டெக்ஸ் போடும்போது கன்கரன்ட்லி என்ற சொல்லைச் சேர்த்தால் பில் போடுகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அதை பிகினுக்குள் ஓட்ட முடியாது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.